‘யெஸ் சார்’ சொல்வதற்கு முன்... ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் கம்பெனி வேலைக்கு எந்த ஆங்கிலம் தேவை?

பிளஸ் 2, ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் பலருக்கும் ஒரு பயம் உண்டு. ‘நமக்கு இங்கிலீஷ் வராதே, உள்ள போய் எப்படிச் சமாளிக்கிறது?’ என்பதுதான் அது. அந்தப் பயத்தில் ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகமோ, மொபைல் ஆப்போ வாங்கிப் படிக்கிறார்கள். ‘ஹவ் ஆர் யூ’, ‘நைஸ் டு மீட் யூ’ எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால், அசெம்பிளி லைனில் யாரும் வந்து ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. அங்கே தேவைப்படும் ஆங்கிலமே வேறு. அது அளவில் கொஞ்சம்தான். ஆனால், தப்பாகப் புரிந்துகொண்டால் சம்பளத்திலோ கையிலோ அடிபடும்.

யாருக்குமே தாய்மொழி இல்லை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998ல். ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை 2010ல் திறக்கப்பட்டது. டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீளும். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கவனித்தால் ஒன்று புரியும். இங்கே முதலாளி கொரியா, ஜப்பான், தைவான், ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுக்காரர். பக்கத்து மெஷினில் நிற்பவர் ஒடிசாவோ பீகாரோ. ஆக, அந்த வளாகத்துக்குள் ஆங்கிலம் ஏறக்குறைய யாருக்குமே தாய்மொழி கிடையாது. கொரிய மேனேஜரும் அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டார். அவருக்கும் சின்னச் சின்ன வாக்கியம்தான் வசதி. இலக்கணப் பிழைக்காகக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

அதோடு, நீங்கள் பூஜ்யத்திலிருந்தும் தொடங்கவில்லை. ஷிப்ட், ஓடி, பஞ்ச், கேட் பாஸ், லைன், ரீவொர்க், ரிஜெக்ட், ஸ்பேர்... இதெல்லாம் ஏற்கெனவே உங்கள் தமிழாகவே ஆகிவிட்டது.

‘யெஸ்’ எங்கே உதைக்கும்?

சூப்பர்வைசர் வந்து, ‘யூ டிட் நாட் டைட்டன் திஸ் போல்ட்?’ என்று கேட்கிறார். நீங்கள் உண்மையிலேயே டைட் பண்ணவில்லை. தமிழில் கேட்டிருந்தால் என்ன சொல்வோம்? ‘இந்த போல்ட்டை டைட் பண்ணலையா?’ ‘ஆமா சார், பண்ணல.’ அந்த ‘ஆமா’வை அப்படியே ‘யெஸ் சார்’ என்று மாற்றிச் சொல்கிறோம். ஆங்கிலக் கணக்கில் அந்த ‘யெஸ்’ஸுக்கு ‘பண்ணிட்டேன்’ என்று அர்த்தம் போய்விடும். பண்ணவில்லை என்றால் அங்கே ‘நோ’தான் சரி. டைட் ஆகாத போல்ட்டோடு வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகர்ந்துவிடும்.

இதில் வேடிக்கை, கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் பதில் சொல்லும் முறை நம்மைப் போலத்தான். அதனால் கொரியர் ஒருவர் உங்கள் ‘யெஸ்’ஸைச் சரியாகவே பிடித்துக்கொள்ளலாம். ஜெர்மன்காரர் காதில் அதே ‘யெஸ்’ நேர் எதிராக விழலாம். ஒரே லைனில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

தப்பிக்க வழி எளிது. இந்த மாதிரிக் கேள்விக்கு யெஸ், நோ இரண்டையுமே விட்டுவிடுங்கள். ‘ஐ டிட் நாட் டைட்டன்’, ‘ஐ டைட்டன்ட்’, ‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று செயலையே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் நேரத்தில் வரும். ‘பை 4’ என்றால் நாலு மணிக்குள்ள முடிக்கணும். ‘டில் 4’ என்றால் நாலு மணி வரைக்கும் செய்யணும். ஒன்று கெடு, மற்றது வேலை நேரம். வருஷாந்திர அப்ரைசல் படிவத்தில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்று எழுதுவதும் அடிக்கடி நடப்பதுதான். ‘கடுமையா உழைக்கிறேன்’ என்று நினைத்து எழுதினால், ‘நான் வேலையே செய்யறதில்லை’ என்கிற மாதிரி ஆகிவிடும். ‘ஹார்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆஃபர் லெட்டரில் ஒரே ஒரு சொல்

கையெழுத்துப் போடும் காகிதத்தில் முதலில் தேட வேண்டிய சொல், ‘வேஜஸ்’ என்று இருக்கிறதா, ‘ஸ்டைபென்ட்’ என்று இருக்கிறதா என்பதுதான். வேஜஸ் என்றால் ஊதியம். ஸ்டைபென்ட் என்றால் பயிற்சி உதவித்தொகை. 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்தால், சட்டப்படி நீங்கள் ‘வொர்க்கர்’ அல்ல, பயிற்சி பெறுபவர். பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது; அந்தப் பலன்களும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே நேரம், பாதுகாப்பு விதிகள் அப்ரென்டிஸுக்கும் பொருந்தும். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு. இரண்டு பேர் ஒரே யூனிஃபார்மில் ஒரே மெஷினில் நிற்கலாம். ஒரு சொல்தான் வித்தியாசம்.

அடுத்தது ‘சிடிசி’. ஊரில் சொல்லிவிட்டு வந்த சம்பளத்துக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் இடையில் விழும் பள்ளம் இதுதான். ஓர் உதாரணக் கணக்கு: மொத்தச் சம்பளம், அதாவது ‘கிராஸ்’, 18,000 ரூபாய். அதில் பேசிக் 12,000. உங்கள் பங்காக பிஎஃப் 12% என்றால் 1,440 ரூபாய், இஎஸ்ஐ 0.75% என்றால் 135 ரூபாய். மீதி 16,425. இதுதான் ‘நெட்’ அல்லது ‘டேக் ஹோம்’. கம்பெனி தன் பங்காக பிஎஃப் 1,440 ரூபாயும், இஎஸ்ஐ 3.25% என்று 585 ரூபாயும் கட்டுகிறது. அதையும் சேர்த்தால் சிடிசி 20,025. லெட்டரில் இருபதாயிரம், கையில் பதினாறாயிரம். கேன்டீன், பஸ், ஹாஸ்டல் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். அதனால் இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி ‘வாட் இஸ் தி சாலரி?’ அல்ல. ‘வாட் இஸ் தி டேக் ஹோம்?’

பே ஸ்லிப்பில் ‘எல்ஓபி’ என்ற எழுத்துகள் இருந்தால் ‘லாஸ் ஆஃப் பே’, அதாவது அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. ‘ப்ரொபேஷன்’ என்றால் வேலை இன்னும் உறுதியாகவில்லை. ‘ஃபிக்ஸட் டேர்ம்’ என்றால் முடிவுத் தேதியோடு வந்த வேலை. ‘ரிஸைன்’ என்பதில் ‘சைன்’ இருக்கிறதே என்று, ‘மறுபடி கையெழுத்து’ என நினைத்துவிடக் கூடாது. நீங்களே வேலையை விட்டுப் போவதாக எழுதிக் கொடுப்பது அது. ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்றால் இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று கணக்கை முடிப்பது.

மெஷின் மேல் ஒட்டியிருப்பது

தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘எச்சரிக்கை’ என்றே சொல்லிவிடுகிறோம். மெஷின் ஸ்டிக்கர்களில் அதற்கு மூன்று படி உண்டு. சிவப்பில் ‘டேஞ்சர்’: தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பெரிய காயம் நிச்சயம். ஆரஞ்சில் ‘வார்னிங்’: அந்த அளவு ஆபத்து நடக்கலாம். மஞ்சளில் ‘காஷன்’: சின்ன அல்லது நடுத்தரக் காயம் ஏற்படலாம். நிறத்தை ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் ஷாப், கெமிக்கல் ஸ்டோர் பக்கம் வேலை என்றால் ஒரு சொல்லிடம் மிக ஜாக்கிரதையாக இருங்கள்: ‘இன்ஃப்ளேமபிள்’. ‘கம்ப்ளீட்’, ‘இன்கம்ப்ளீட்’ போல, ‘இன்’ வந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம். ஆகவே இது தீப்பிடிக்காத பொருள் என்று படித்தவர்களே நினைத்துவிடுவார்கள். இல்லை. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். பேனலில் ‘லைவ்’ என்று இருந்தால், உள்ளே கரன்ட் ஓடுகிறது, கை வைக்காதே என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் தொழிலாளியே ஆங்கிலம் கற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமும் எதிர்பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 108வது பிரிவு, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது கட்டாயம். ஓடிக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு.

வாயில் இருக்க வேண்டிய வாக்கியங்கள்

‘ப்ளீஸ் ஸே ஸ்லோலி.’ ‘ஷோ மீ ஒன்ஸ்.’ ‘ஐ ஆம் நாட் ட்ரெய்ன்ட் ஆன் திஸ் மெஷின்.’ ‘கேன் ஐ ரீட் இட் அண்ட் சைன் டுமாரோ?’ ‘ஸ்டாப் தி லைன்.’ இவ்வளவுதான். ஆனால், பதற்றத்திலும் தானாக வர வேண்டும். ரூமில் நண்பர்களோடு சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் வரும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ நம்மூர் ஆங்கிலத்தில் சகஜம். வெளிநாட்டுக்காரர் ‘என்னை நம்பவில்லையோ’ என்று யோசிக்கலாம். அவரிடம் ‘கொஸ்டின்’ என்றால் போதும்.

லெட்டரோ பே ஸ்லிப்போ கையில் இருந்தால் மொபைல் கேமராவை வைத்துத் தமிழில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். ஆனால், பல ஆலைகளில் போன் உள்ளே அனுமதி இல்லை, அல்லது கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். மெஷின் மேல் பார்த்த புரியாத சொல்லை பிரேக்கில் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, எந்த மெஷின், என்ன நிறம் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த ஷிப்ட்டுக்குள் லைன் லீடரிடமோ சேஃப்டி ஆபீசரிடமோ அர்த்தம் கேட்டுவிடலாம்.