மீனுக்கும் குளிரும்!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் மாதனூரில் விடியற்காலைப் பனி லேசாக இருக்காது. நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அக்காமார் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கிளம்புவீர்கள். சரி பிள்ளைகளே, உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிற மீனுக்கு யார் ஸ்வெட்டர் போடுவது?

சிரிக்காதீர்கள். நம் உடம்பு, வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே சுமார் 37 டிகிரி செல்சியஸ் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரிதான் மீனின் உடம்பும். தண்ணீர் குளிர்ந்தால் அதன் வயிற்றில் செரிமானம் மெதுவாகும். இரை போட்டால் தின்னாது. ஒரு மூலையில் போய் ஒதுங்கி நிற்கும். தின்னாத இரை அடியில் கிடந்து அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சூடு திடீரென்று இறங்கினால் நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். மீனின் செதிலிலும் துடுப்பிலும் உப்புத் தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் வெள்ளைப்புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி செய்யும் வேலை அது. பனிக்காலத்தில் அதிகம் வரும்.

எல்லா மீனுக்கும் ஹீட்டர் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமீனின் பூர்வீகம் சீனா. அதற்குக் குளிர் பழக்கம். நம் ஊர்ப் பனி அதை ஒன்றும் செய்யாது. ஃபைட்டர் மீன் தாய்லாந்துக்காரர். கப்பி மீன் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்தது. (ராபர்ட் கப்பி என்பவர் அந்தத் தீவிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு இந்த மீனை அனுப்பினார். அவர் பெயரே மீனுக்கு ஒட்டிக்கொண்டது!) ஏஞ்சல், நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அமேசான் ஆற்றுப் பக்கத்தவை. கப்பியும் ஃபைட்டரும் 24 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். டிஸ்கஸ் 28க்குக் கீழே இறங்கினாலே வாடிவிடும். வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரில் இருந்து வரும் மீன்கள் அமேசானைக் கண்ணால் பார்த்திருக்காதுதான். ஆனால் கடலோரச் சென்னையில் இரவு நேரம் நம் ஊரைப் போலக் குளிராது என்பதை மறக்கக்கூடாது.

போன ஜனவரியில் எதிர்வீட்டுப் பெண் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டடி நீளத் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீன் வளர்க்கிறாள்.

"சார், ஹீட்டர் வாங்கணும். கடையில 200 வாட்ஸ் வாங்கிக்கோன்னு சொல்றாங்க. பெரிசா வாங்கினா நல்லதுதானே?"

"முதல்ல உன் தொட்டித் தண்ணி எத்தனை டிகிரின்னு சொல்லும்மா" என்றேன். அவளிடம் பதில் இல்லை.

இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஹீட்டர் வாங்குவதற்கு முன் மீன்தொட்டிக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை கொஞ்சம்தான். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது மனித உடம்பின் சூட்டை ஒட்டிய அளவுகளுக்காகவே செய்யப்பட்டது. ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீரின் அளவை நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெண் எழுதினாள். மாலையில் 25, காலையில் 21. ஒரு நாள் காலையில் 20 வரை இறங்கியிருந்தது. அவளுடைய ஏஞ்சல் மீனுக்கு 26 டிகிரி வேண்டும். ஆகவே ஹீட்டர் ஏற்ற வேண்டியது ஐந்தாறு டிகிரிதான். உங்கள் நோட்டில் விடியற்காலை அளவே 24க்கு மேல் இருந்தால், கப்பி வளர்ப்பவர்கள் ஹீட்டர் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர்? கணக்கு வகுப்பில் படித்த கன அளவை இங்கே எடுத்துவிடுங்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., தண்ணீரின் உயரம் 30 செ.மீ. பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர். ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். மணல், கல் இவற்றுக்குக் கொஞ்சம் கழித்து 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் ஆற்றல் தேவை. 50 லிட்டருக்கு 2,10,000 ஜூல். வாட்ஸ் என்றால் என்ன? ஒரு விநாடிக்கு இத்தனை ஜூல் என்பதுதான். 50 வாட்ஸ் ஹீட்டர் விநாடிக்கு 50 ஜூல் தரும். அப்படியானால் ஒரு டிகிரி ஏற்ற 4,200 விநாடி, அதாவது 70 நிமிஷம். ஐந்து டிகிரி ஏற ஆறு மணி நேரம். தண்ணீர் நடுவில் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். 'இவ்வளவு மெதுவாகவா?' என்று தோன்றும். மெதுவாக ஏறுவதுதான் மீனுக்கு நல்லது.

லிட்டருக்கு ஒரு வாட்ஸ் என்பது மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஐந்தாறு டிகிரி மட்டும் ஏற்ற வேண்டிய நம் ஊருக்கு அது தாராளம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் வீடு என்றால் அதே தொட்டிக்கு 75 அல்லது 100 வாட்ஸ் பாருங்கள்.

அப்படியானால் 200 வாட்ஸ் வாங்கினால் என்ன கெட்டுவிடும்? இதற்கு ஹீட்டரின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பீங்கான் தண்டில் நிக்ரோம் கம்பி சுற்றியிருக்கும். சூடு தருவது அது. மேலே தெர்மோஸ்டாட் இருக்கும். சாதாரண ஹீட்டர்களில் இது இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. சூடானால் ஒரு உலோகம் அதிகமாக விரியும், இன்னொன்று குறைவாக விரியும். அதனால் பட்டை வளையும். வளைந்ததும் மின் இணைப்பு விட்டுப்போகும். ஆறினால் பட்டை நிமிர்ந்து மறுபடி இணைப்பு சேரும். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இதே தந்திரம்தான். ஹீட்டர் வேலை செய்யும்போது சின்னச் சிவப்பு விளக்கு எரியும், நின்றால் அணையும்.

பல மாதம் இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் பொறி பறப்பதால், அந்த இணைப்பு முனைகள் சில சமயம் ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் ஹீட்டர் நிற்கவே நிற்காது. 50 வாட்ஸ் ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் மெள்ள மெள்ளத்தான் ஏறும். காலையில் நீங்கள் கவனித்து நிறுத்திவிடலாம். 200 வாட்ஸ் என்றால்? பதினேழு பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி! நீங்கள் தூங்கி எழுவதற்குள் மீன் வெந்நீரில் மிதக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சின்ன ஹீட்டர் போடுவது இதனால்தான். அந்தப் பெண் கடைசியில் 50 வாட்ஸ்தான் வாங்கினாள். இருபது மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட் கரண்ட் ஆகும் என்று அவள் அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாளாம்.

இன்னொரு விஷயம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பக்கெட்டில் குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி இருக்கிறதே, அதை எந்தக் காரணத்துக்காகவும் மீன்தொட்டியில் வைக்கக் கூடாது. 'ரெண்டே நிமிஷம்தானே' என்று ஒரு வீட்டில் வைக்கப் போனதை நானே பார்த்துத் தடுத்திருக்கிறேன். அது 1,000 வாட்ஸ், அதற்கும் மேலே. தெர்மோஸ்டாட் கிடையாது. நம் 50 லிட்டர் தொட்டியை மூன்றரை நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏற்றிவிடும். மீன் போவது இருக்கட்டும், தண்ணீரில் கை வைத்த பிள்ளைக்கு ஷாக் அடித்தால் என்ன ஆவது?

மீன்தொட்டி ஹீட்டரானாலும், தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சொருகுவதும் பிடுங்குவதும் பெரியவர்கள் வேலை, ஈரக் கையோடு யாரும் தொடக் கூடாது. வயர் நேராக பிளக்குக்குப் போகாமல், கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் மின் கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஹீட்டரைத் தண்ணீரில் வைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். எடுக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிந்துவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஃபில்டர் தண்ணீரைத் தள்ளுகிற பக்கம் ஹீட்டரை வையுங்கள், சூடு தொட்டி முழுக்கப் பரவும். தெர்மாமீட்டரை எதிர்ப்பக்கம் மாட்டுங்கள்.

நம் பக்கத்துப் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெந்நீர் போடும் கம்பியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்குமே, அதே படிவு மீன்தொட்டி ஹீட்டரின் கண்ணாடியிலும் பிடிக்கும். படிவு தடித்தால் சூடு சரியாக வெளியே வராமல் கண்ணாடியே கொதித்துப்போகும். மாதம் ஒருமுறை, ஆறின ஹீட்டரை வெளியே எடுத்து எலுமிச்சம் பழத்தோலால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரை நீர் கெட்டது பற்றி 1996இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் கிணற்றுத் தண்ணீர் மீனுக்கு ஆகுமா என்று, ஒரு பாட்டிலில் பிடித்துப்போய் மீன் கடையில் சோதித்துக்கொண்ட பிறகே தொட்டியை நிரப்புங்கள்.

இரவில் கரண்ட் போனால்? மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. திறந்து கிடக்கும் மீன்தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. மேலே ஒரு மூடி போட்டு, காற்று போக இடம் விடுங்கள். பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் தெர்மாகோல் அட்டை ஒட்டுங்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலே போதும், புதிதாக வாங்க வேண்டாம். கரண்ட் வரும்வரை சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடி ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். காலை அளவு தானாகவே 26ஐத் தொட்டுவிட்டால் ஹீட்டருக்கு வேலை முடிந்தது. வெளியே எடுத்து, துடைத்து, நிழலில் உலர்த்தி, துணியில் சுற்றி, வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். சித்திரையில் 40 டிகிரி தாண்டும் நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில் மீன்தொட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்து தள்ளி வைப்பதுதான் அடுத்த வேலை.