120 எம்பி வட்டில் 210 எம்பி: டபுள்ஸ்பேஸைக் கழற்றிய கதை

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரிடமிருந்து பழைய 486 லேப்டாப் ஒன்றை வாங்கினேன். எடைக்குப் போட வைத்திருந்தார். "உள்ள பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, அழிச்சிட்டு உங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கோங்க" என்றார். நான் படி இறங்கும்போது திரும்பக் கூப்பிட்டார். "ஒரே ஒரு ஃபைல் மட்டும் இருந்தா எடுத்துக் குடுங்க. எங்க பெரியப்பாகிட்ட கேட்டுக் கேட்டு குடும்பத்து ஆளுங்க பேரெல்லாம் அதுல அடிச்சு வெச்சிருந்தேன். பெரியப்பா போயிட்டார். பிரிண்ட் எடுத்த காகிதமும் எங்கயோ போயிடுச்சு." கோப்பின் பெயர் 'குடும்பம்'. ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக எட்டு எழுத்து, டாஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில், கையிலிருந்த டாஸ் 5 ஃபிளாப்பியைப் போட்டு பூட் செய்தேன். சி டிரைவில் 'டிர்' அடித்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சரி, யாரோ ஏற்கெனவே அழித்துவிட்டார்கள் போல, ஃபார்மேட் போட்டுவிடலாம் என்று கை போய்விட்டது. அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன்: மிச்சமிருக்கும் இடம் 2 எம்பி சொச்சம். வட்டு 120 எம்பி. கோப்பே இல்லாத வட்டில் இடம் எப்படி இல்லாமல் போகும்?

மறைவாக இருக்கும் கோப்புகளையும் காட்டச் சொன்னேன். வந்துவிட்டது பூதம். டிபிஎல்ஸ்பேஸ்.000 என்று ஒரே கோப்பு, 116 எம்பி. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், ஒலியை வைத்து ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) மனிதர் 1993-ல் டபுள்ஸ்பேஸ் போட்டிருக்கிறார்.

அந்தக் காலத்து வட்டுகளின் விலையை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. புது வட்டு வாங்குவதற்குப் பதிலாக, இருக்கிற வட்டை இரண்டு மடங்காகக் காட்டும் மென்பொருள் போதும் என்று நிறையப் பேர் இருந்தார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் 1990-ல் 'ஸ்டேக்கர்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நன்றாக விற்றது. 1993 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ் டாஸ் 6.0-லேயே டபுள்ஸ்பேஸைச் சேர்த்துக் கொடுத்தது. ஸ்டாக் காப்புரிமை வழக்குப் போட்டது. 1994 பிப்ரவரியில் நடுவர் குழு ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் தரச் சொன்னது. மைக்ரோசாஃப்டின் எதிர்வழக்கில் ஸ்டாக் 1.36 கோடி தர வேண்டும் என்றும் சொன்னது. உடனே மைக்ரோசாஃப்ட் சுருக்கும் வசதியையே எடுத்துவிட்டு 6.21 வெளியிட்டது, பிறகு 'டிரைவ்ஸ்பேஸ்' என்ற புதுப் பெயரில் வேறு முறையோடு 6.22-ல் திரும்பக் கொண்டுவந்தது. இந்த வம்பு வழக்கு நமக்கு எதுக்குன்னு கேட்டால், பழைய கணினியில் 'வெர்' அடித்து என்ன பதிப்பு என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 6.0-ல் சுருக்கத் தெரியும், திரும்ப விரிக்கத் தெரியாது. 6.2-ல் இரண்டும் தெரியும். 6.21-ல் எதுவுமே கிடையாது. 6.22-ல் டிரைவ்ஸ்பேஸ்.

இப்போது முக்கியமான விஷயம். 'டபுள்ஸ்பேஸை நீக்குவது' என்றாலே நாம் தப்பாக நினைத்துக்கொள்கிறோம். மற்ற மென்பொருள்கள் வட்டுக்குள் இருக்கும். இங்கே தலைகீழ்: வட்டுதான் மென்பொருளுக்குள் இருக்கிறது. நாம் சி என்று பார்ப்பது உண்மையான வட்டே இல்லை. அந்த 116 எம்பி கோப்புக்குள் சுருட்டி வைத்த பொய்வட்டு. உண்மையான வட்டு எச் என்பது மாதிரி ஓர் எழுத்தோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும். எச்-ல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று அந்தக் கோப்பை நீக்கினால் சி முழுக்கப் போச்சு. அதனால்தான் அதை மறைத்து, எழுத முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். அப்படியும் 'அட்ரிப்' போட்டு பூட்டைத் திறந்து அழித்தவர்கள் உண்டு.

இன்னொரு பொறி கான்ஃபிக்.சிஸ். அதில் டிபிஎல்ஸ்பேஸ்.சிஸ் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவான் என்று தோன்றும். போக மாட்டான். டாஸ் 6 பூட் ஆகும்போதே, கான்ஃபிக்.சிஸைப் படிப்பதற்கு முன்பே, டிபிஎல்ஸ்பேஸ்.பின் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து நினைவகத்தில் ஏற்றிவிடும். ஏற்றாவிட்டால் கான்ஃபிக்.சிஸையே படிக்க முடியாது, அதுவும் பொய்வட்டுக்குள்தானே இருக்கிறது! அந்த வரியின் வேலை, ஏற்கெனவே ஏறியவனை நினைவகத்தில் வேறு இடத்துக்கு நகர்த்தி உட்கார வைப்பது மட்டும்தான். என் டாஸ் 5 ஃபிளாப்பிக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது, அதனால்தான் வட்டு காலியாகத் தெரிந்தது.

ஃபிளாப்பியை எடுத்துவிட்டு நேராக பூட் செய்தேன். பதிப்பு 6.2, தப்பித்தேன். சி டிரைவ் 210 எம்பி என்கிறது. அதில் 165 எம்பி கோப்புகள், 45 எம்பி காலி. இந்த 45-ஐ நம்பக் கூடாது. டபுள்ஸ்பேஸ் கோப்பை 8 கேபி துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கி, அரை கேபி அடுக்குகளில் வைக்கிறது. இனி வரப்போகும் கோப்பு எவ்வளவு சுருங்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு விகிதத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. கடிதம், கணக்கு எல்லாம் நன்றாகச் சுருங்கும். ஏற்கெனவே ஜிப் செய்த கோப்புகளை நகலெடுத்தால் பாதியிலேயே 'இடமில்லை' என்று கைவிரித்துவிடும்.

விரிக்கும் கட்டளை சுலபம்: 'டிபிஎல்ஸ்பேஸ் /அன்கம்ப்ரஸ்'. சிக்கல் கணக்கில் இருக்கிறது. 165 எம்பி சரக்கை 120 எம்பி வட்டில் எப்படி விரிப்பது? பெட்டியில் அமுக்கி அடைத்த துணியை வெளியே எடுத்துவிட்டு, அதே பெட்டியில் மடித்து வைக்கப் பார்ப்பது மாதிரி. குறைந்தது 50 எம்பி வெளியேற வேண்டும். எதையும் வெளியேற்றுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேண்டும்.

வட்டைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். அடாப்டர் கண்டுகொள்ளவே இல்லை. இந்த வயசு வட்டுகள் பலவற்றுக்குப் புதிய முகவரி முறை தெரியாது, பல அடாப்டர்களுக்குப் பழைய முறை தெரியாது. கடைசியில் கைகொடுத்தது டாஸ் 6-உடனேயே வந்த 'இன்டர்லிங்க்'. லேப்டாப்பில் இன்டர்சர்வர், டாஸில் பூட் செய்த பழைய பென்டியத்தில் இன்டர்லிங்க், நடுவில் பேரலல் போர்ட்டுக்கு ஒரு லாப்லிங்க் கேபிள். இந்த வழியில் லேப்டாப்பே விரித்துக் கொடுப்பதால் அந்தப் பக்கம் போவது சாதாரணக் கோப்புகள்தான். எக்ஸ்காப்பி மறைவுக் கோப்புகளை விட்டுவிடும், அதனால் முதலில் அட்ரிப் போட்டு மறைவை நீக்கினேன். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் முடிந்திருந்தது.

உண்மையைச் சொல்லணும்னா வேலை இங்கேயே முடிந்துவிட்டது. நகல் கைக்கு வந்த பிறகு வட்டை ஃபார்மேட் செய்து புதிதாக டாஸ் போடுவதுதான் புத்திசாலித்தனம். என்னிடம் டாஸ் 6.2-ன் ஃபிளாப்பிகள் இல்லை. கொஞ்சம் ஆர்வக்கோளாறும் உண்டு. அதனால் விரித்தே பார்ப்போம் என்று விண்டோஸ் 3.1, இரண்டு விளையாட்டுகள், பழைய ஜிப்புகள் எல்லாவற்றையும் நீக்கி, சரக்கை 95 எம்பிக்குக் கொண்டுவந்தேன். முதலில் ஸ்கேன்டிஸ்க். பொய்வட்டின் அட்டவணையில் கோளாறு இருந்தால் விரிக்கும்போது நடுவழியில் நின்றுவிடும். லேப்டாப் பேட்டரி செத்தது, ஆகவே மின்சாரத்தை யுபிஎஸ் வழியாகக் கொடுத்தேன். கட்டளையைத் தட்டினேன். சி, எச் இரண்டின் மேலடுக்கிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று மறுத்தது. பெயரை மாற்றிவிட்டு மறுபடி தட்டினேன்.

கொஞ்சம் கோப்புகளை வெளியே எடுக்கும், பெரிய கோப்பைக் கொஞ்சம் சுருக்கும், காலியான இடத்தில் இன்னும் கொஞ்சம் எடுக்கும். இப்படியே மணிக்கணக்கில். முடிந்ததும், சுருக்கிய வட்டு வேறெதுவும் இல்லையே, டபுள்ஸ்பேஸை நினைவகத்திலிருந்து எடுத்துவிடவா என்று தானே கேட்டது. எடுக்கச் சொன்னேன். கீழ் 640 கேபியில் நாற்பது கேபி அளவு திரும்பக் கிடைத்தது, எச் காணாமல் போனது, சி தன் உண்மையான அளவைச் சொன்னது. கான்ஃபிக்.சிஸ் வரியை அப்போதுதான் எடுத்தேன்.

'குடும்பம்' இருந்தது. வேர்ட்ஸ்டாரில் அடித்த கோப்பு. இன்றைய எடிட்டரில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கிறுக்கலாகத் தெரிந்தது, ஏனென்றால் பழைய வேர்ட்ஸ்டார் அந்த எழுத்துகளின் எட்டாவது பிட்டைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும். அந்த பிட்டை நீக்கியதும் பெயர்கள் வரிசையாக வந்தன, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர், மூன்றாவது பக்கத்தில் ஒரு பெயரில் நிறுத்தி, "இவங்க ரெங்கூன் போனவங்க இல்ல, தப்பா அடிச்சிருக்கேன்" என்று உள்ளே பேனா எடுக்கப் போனார்.