கோடைக்கு ஏற்ற வண்ணத் தோள் போர்வை: குரோஷாப் பின்னலும் கூலிக் கணக்கும்

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்துவிட்டால், ஒருபோக நிலங்களை நம்பியுள்ள நமது கிராமங்களில் ஆனி, ஆடி வரையில் பெண்களுக்கு வயல் வேலை மிகுதியாக இராது. அந்த மாதங்களில் வீட்டு வேலை போக எஞ்சும் பொழுதில் செய்யத்தக்க உபதொழில் எது என்ற கேள்வி ஊராட்சிகளில் அடிக்கடி எழுகிறது. தறி வைக்க இடம் வேண்டும். தையல் இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். ஒரு சாணுக்கும் குறைந்த ஊசி ஒன்றும் நூற்கண்டு ஒன்றும் மட்டுமே முதலாகக் கொண்ட கைத்தொழில் குரோஷாப் பின்னல். அதனைக் கொண்டு, கோடையில் தோள்மீது போட்டுக்கொள்ளத்தக்க வண்ணப் போர்வை ஒன்றைச் செய்யும் முறையை இங்கு விளக்குகிறோம். அதனினும் முக்கியமாக, அப்போர்வைக்குரிய கூலியைக் கணக்கிடும் முறையையும் சொல்ல விரும்புகிறோம். பின்னத் தெரிந்தும் கணக்குத் தெரியாமல் ஏமாந்தவர்களின் கதை இத்தொழிலில் நீளமானது.

‘குரோஷே’ என்பது சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நம்மவர் அதைக் குரோஷா என்பர். ஊசியின் முனையில் சிறு கொக்கி இருக்கும், அவ்வளவே கருவி. நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. கம்பளிச் சட்டை பின்னும் இரு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் திறந்தபடி நிற்கும். குரோஷாவிலோ ஒரு கண்ணி முடிந்த பிறகே அடுத்த கண்ணி தொடங்குகிறது. ஊசியில் தங்குவது ஒரே ஒரு கண்ணிதான். ஆகவே அடுப்பில் பால் பொங்கினால், அக்கண்ணியைச் சற்று நீட்டி வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

இந்தத் தனித்தன்மைக்கு மற்றொரு விளைவும் உண்டு. கை செய்யும் இப்பின்னலை அவ்வாறே செய்துதரும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. கடைகளில் மலிவாகத் தொங்குபவை, பார்வைக்கு அதுபோலத் தோன்றும் இயந்திர வலைத்துணிகளே. உண்மையான குரோஷாப் பொருள் எங்கே விற்கப்பட்டாலும், யாரோ ஒரு பெண் பல மணி நேரம் உட்கார்ந்து அதனைப் பின்னியிருக்கிறாள் என்பது உறுதி. நூலின் விலை சிறிது. உழைப்பே பொருளின் பெரும்பகுதி.

பிற இடங்களில் நடந்தது

அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது கன்னிமாடங்களும் வேறு சிலரும் உழவர் வீட்டுப் பெண்களுக்குக் குரோஷாப் பின்னலைக் கற்பித்தனர். விளைச்சல் பொய்த்த குடும்பங்களுக்கு அவ்வூசி சோறு போட்டது. ஒருத்தி பூவும் மற்றொருத்தி இலையுமாகப் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைப்பாள். இருபதாம் நூற்றாண்டில் இயந்திரப் போலிகள் பெருகி, நாகரிகமும் மாறியபோது அத்தொழில் சுருங்கிவிட்டது.

நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் வழியாக அங்கே பரவிய இக்கலை, பின்னர் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாயிற்று. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கு ஆராய்ந்து, 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னுகிற பெண்கள் உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தனர். எனினும் அவர்களைத் தொழிலாளர் என்று ஒருவரும் எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்றே கருதினர். அதனால் அவர்களது வருமானம் விவசாயக் கூலிக்குச் சட்டம் வகுத்த குறைந்த அளவைக்கூட எட்டவில்லை. வேலையும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், பூப் பின்னியவளுக்கு முழுப்பொருளின் விலை தெரிய வழியில்லை. இடைத்தரகர் வீட்டு வாயிலில் நூலைக் கொடுத்து, வேலையை வாங்கிச் சென்றனர். 2024ஆம் ஆண்டில் நரசாபுரம் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நன்றே. கூலிக்குப் பாதுகாப்பு வேறு வழியில் தேட வேண்டியதாகும்.

நமது மாநிலத்தில் நாகர்கோவிலிலும், திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியிலும் மறைப்பணியாளர் குடும்பத்துப் பெண்மணிகள் தொடங்கிவைத்த லேஸ் வேலை புகழ்பெற்றது. இடையன்குடியில் அதனைக் கற்பித்தவர் கால்டுவெல் அவர்களின் துணைவியார் எலைசா அம்மையார். ஆனால் அது திண்டின்மேல் குண்டூசி குத்தி, பல சிறு கழிகளில் சுற்றிய நூல்களை முறுக்கிச் செய்யும் வேறு வகை வேலை. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

நூலும் சாயமும்

கோடைப் போர்வைக்குப் பருத்தி நூலே தக்கது. கம்பளி என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் நூல் மலிவானது, நிறங்கள் பளிச்சென்றிருக்கும். சித்திரை வெயிலில் அதனைப் போர்த்துக்கொள்ளும் துணிவு எவருக்கு உண்டென்று நாம் அறியோம்! அந்நூல் வியர்வையை உறிஞ்சாது. தறிக்கு ஏற்ற ஒற்றை நூலைப் பல இழைகளாகச் சேர்த்துப் பின்னலாம் என்பது உண்மையே. 20ஆம் நம்பர் நூல் எட்டு இழை சேர்ந்தால் போதிய பருமன் வரும். எனினும் முறுக்கில்லாத இழைகளைக் கொக்கி பிளந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் முறுக்கேற்றிய நூலை வாங்குவதே நலம். அப்பருமனுக்கு 3 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும்.

நான்கு நிறங்கள் போதும். ஒவ்வொரு நிறத்திலும் சிறிது நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்நூலை வாங்க வேண்டாம். சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் ஏமாற்றுபவை. முதல் சலவையிலேயே மஞ்சளில் சிவப்பு ஏறிய போர்வையை எந்த வாடிக்கையாளரும் இரண்டாம் முறை வாங்க வரமாட்டார்.

பின்னும் முறை

நூல் முனையில் சுருக்கு ஒன்றிட்டு ஊசியில் மாட்டிக்கொள்ள வேண்டும். நூலைக் கொக்கியில் பிடித்துச் சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. இவ்வாறே தொடர்ந்தால் சங்கிலி நீளும். இப்போர்வைக்கு வேண்டிய மற்றொரு கண்ணியை உயரக் கண்ணி என்று அழைப்போம். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அடியிலுள்ள கண்ணிக்குள் செலுத்தி, நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைப் பிடித்து முதல் இரண்டின் வழியே இழுக்க இரண்டு மிஞ்சும். மறுபடி பிடித்து அவ்விரண்டின் வழியே இழுக்க ஒன்றாகும். இவ்விரு கண்ணிகளும் கைவந்தால் போர்வை கைவந்ததாகும்.

காற்றோட்டத்துக்காகக் கட்டம் கட்டமாகப் பின்னுகிறோம். ஓர் உயரக் கண்ணி, ஒரு சங்கிலி, அடியில் ஒரு கண்ணியை விட்டு அடுத்ததில் ஓர் உயரக் கண்ணி. இவ்வாறு ஒவ்வொரு கட்டமும் அமையும். போர்வையின் அகலம் 50 சென்டிமீட்டர், நீளம் 160 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்துக் கட்டங்கள் வருமாயின் அகலத்துக்கு 50 கட்டங்கள் வேண்டும். அதற்கு 100 சங்கிலியும், திரும்புவதற்கு மேலும் 4 சங்கிலியும் ஆக 104 போட வேண்டும். ஊசியிலிருந்து ஆறாவது சங்கிலியில் முதல் உயரக் கண்ணி. அதன்பின் ஒரு சங்கிலி, ஒன்று விட்டு ஒன்றில் உயரக் கண்ணி என்று முடிவுவரை செல்லலாம். வரிசை முடிந்ததும் வேலையைத் திருப்பி, 4 சங்கிலி போட்டு, கீழ் வரிசையின் இரண்டாவது உயரக் கண்ணியின் தலைமேல் அடுத்த உயரக் கண்ணியைப் போட வேண்டும்.

வரிசையின் கடைசி உயரக் கண்ணி, கீழே திரும்புவதற்காகப் போட்ட நான்கு சங்கிலிகளில் மூன்றாவதில் அமைய வேண்டும். புதிதாகப் பின்னுவோர் இதனை விட்டுவிடுவது மிகச் சாதாரணம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் குறைந்து, போர்வை முக்கோணமாகிக்கொண்டே போகும். பத்து வரிசைக்கு ஒருமுறை கட்டங்களை எண்ணினால், ஐம்பது வரிசையைப் பிரிக்கும் துன்பம் மிஞ்சும்.

பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 9 வரிசை வருமானால் 160 சென்டிமீட்டருக்கு 144 வரிசைகள். பன்னிரண்டு வரிசைக்கு ஒரு நிறம் என்றால் 12 பட்டைகள். நான்கு நிறங்களும் மும்முறை வரும். பட்டையில் இரட்டைப்படை வரிசை இருக்குமானால் நிறம் மாற்றுமிடம் எப்போதும் ஒரே ஓரத்தில் அமையும். வரிசையின் கடைசி உயரக் கண்ணியில் ஊசியில் இரு வளையங்கள் எஞ்சி நிற்கும்போதே புது நிறத்தை இழுத்துவிட வேண்டும். கண்ணியை முடித்த பின் மாற்றினால், பழைய நிறம் புதுப் பட்டைக்குள் எட்டிப் பார்க்கும். நூல் முனைகளைத் தையல் ஊசியால் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாகச் செருகி மறைக்க வேண்டும். வெறும் முடிச்சுப் போட்டு வெட்டிவிட்டால் சலவையில் அவிழும். இரு முனைகளிலும் குஞ்சம் கட்டிவிட்டு, நனைத்துப் பிழிந்து, பாயின்மீது அளவாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் கட்டங்கள் நீண்டு கோணும்.

கூலிக் கணக்கு

இனி வருவதுதான் இக்கட்டுரையின் உயிர். முதலில் ஐந்து பெண்கள் ஆளுக்கொரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும்: பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, கூட்டி, ஐந்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து துண்டுகளையும் சேர்த்து நிறுத்து, எடையையும் அவ்வாறே வகுக்க வேண்டும். ஒற்றைத் துண்டின் எடையை மளிகைக் கடைத் தராசு சரியாகக் காட்டாது. மிக விரைவாகப் பின்னுபவளின் நேரத்தை அளவுகோலாகக் கொள்ள வணிகர் விரும்புவர். அதற்கு இணங்கலாகாது. சராசரியே நேர்மையான அளவு.

போர்வையின் பரப்பு 8,000 சதுர சென்டிமீட்டர். அதாவது 80 மாதிரித் துண்டுகள். துண்டு ஒன்றுக்குச் சராசரி 15 நிமிடமும் 2 கிராம் நூலும் ஆனதாகக் கொண்டால், பின்னுவதற்கு 20 மணி நேரமும் 160 கிராம் நூலும் ஆகும். முனை செருகுதல், குஞ்சம், சலவை ஆகியவற்றுக்கு மேலும் 4 மணி. குஞ்சத்துக்கும் கழிவுக்கும் 20 கிராம். ஆக 24 மணி நேரம், 180 கிராம். எட்டு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டால் இது மூன்று நாள் உழைப்பு.

அளவுகோலாக, 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாயை எடுத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு 957 ரூபாய். நூல் கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் 180 கிராமுக்கு 108 ரூபாய். அடக்க விலை 1,065 ரூபாய் ஆகிறது. இதில் இலாபமோ, வண்டிச் சத்தமோ சேரவில்லை. இப்போது ஒரு தரகர் வந்து, நூலைத் தானே தந்து, போர்வைக்கு 250 ரூபாய் கூலி தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கேட்கையில் அது நல்ல தொகை போலத் தோன்றும். 24ஆல் வகுத்துப் பார்த்தால் மணிக்குப் பத்து ரூபாய் சில்லறை. நாளுக்கு 83 ரூபாய். களை பறிக்கப் போகும் பெண் இக்கூலிக்கு வரப்பில் கால் வைப்பாளா?

அப்படியானால் 1,065 ரூபாய்க்கு வாங்குவோர் யார்? வாரச் சந்தையில் கிடைக்கமாட்டார்கள் என்பதை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். அங்கே இயந்திர வலைத்துணி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைவேலையின் அருமை அறிந்து வாங்குவோர் நகரக் கண்காட்சிகளிலும், பூம்புகார் விற்பனை நிலையம் போன்ற கைவினைக் கடைகளிலும், மாமல்லபுரம் போன்ற சுற்றுலா ஊர்களிலும்தான் உள்ளனர். ஆதலால் முதலில் ஐந்து போர்வைகள் மட்டும் செய்து விற்றுப் பார்ப்பதே அறிவுடைமை. ஐம்பது செய்து பெட்டியில் அடுக்கிவைத்துக்கொண்டு, வந்த விலைக்குத் தள்ளும் நிலைக்குக் குழுவைக் கொண்டுபோகக் கூடாது. போர்வை விலைபோகாவிடில், அதே கட்டப் பின்னலில் மூன்று மணி நேரத்தில் முடியும் சிறு கைப்பை செய்யலாம். விலை குறைவாதலால் வாங்குவோர் மிகுதி.

ஊராட்சி செய்யத்தக்கவை

செலவு மிகுந்த உதவி எதுவும் தேவையில்லை. சமுதாயக் கூடத்தில் நல்ல வெளிச்சமுள்ள ஒரு பகுதியைப் பிற்பகலில் ஒதுக்கித் தரலாம். மங்கிய விளக்கில் இவ்வேலையைச் செய்வது கண்ணுக்கும் கழுத்துக்கும் கேடு. மகளிர் சுய உதவிக் குழு தன் சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ நூலை மொத்தமாக வாங்கினால், நூல் தருபவரிடம் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞருக்கு அடையாள அட்டை வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்க ஊராட்சிச் செயலர் துணைசெய்யலாம்.

முழுமையான போர்வை ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். அதனுடன் ஒரு தாளில் அளவு, நூலின் எடை, ஆன நேரம், நாள் ஊதியம், அடக்க விலை ஆகியவற்றை எழுதித் தொங்கவிட வேண்டும். மே 1ஆம் நாள் கிராம சபை கூடும்போது அத்தாளை அனைவருக்கும் படித்துக் காட்டலாம். நூல் விலையோ நாள் ஊதியமோ மாறும்போதெல்லாம் தொகையைத் திருத்தி, திருத்திய தேதியையும் எழுதிவைக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வரும் தரகர், பேரம் தொடங்குமுன் அதனைப் படித்துக்கொள்ளட்டும்.