மொழி வகுப்பில் ஒரு காடு

பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி பயிலும் மாணவர் முதலில் எவற்றைக் கற்கிறார்? வணக்கம் கூறுதல், விடுதியில் உணவு கேட்டல், இரயில் நிலையத்திற்கு வழி விசாரித்தல் ஆகியவற்றைத்தான். 'சூழலியலைக் கற்பிக்க அறிவியல் துறை இருக்கிறதே. மொழியாசிரியருக்கு அதில் என்ன வேலை?' என்று நாம் கேட்கலாம். சில சொற்களைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சுற்றுச்சூழலை ஜெர்மானியர் 'உம்வெல்ட்' என்பர். 'உம்' என்றால் சுற்றி. 'வெல்ட்' என்றால் உலகம். சுற்றியுள்ள உலகின் நடுவில் நிற்பவன் மனிதன்! இப்பார்வையை மறுத்த தத்துவ அறிஞர் மேயர்-அபிஹ், 1980-களில் 'மிட்வெல்ட்' என்னும் சொல்லை வலியுறுத்தினார். 'மிட்' என்றால் உடன். மரமும் மீனும் நம்முடன் வாழ்பவை என்பது கருத்து. முன்னொட்டு ஒன்று மாறியதும் மனிதனின் இடமே மாறிவிடுகிறது. நமது 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லின் நடுவில் நிற்பவர் யார்? எண்ணிப் பாருங்கள்.

'நீடித்து நிற்கும்' என்ற பொருளுடைய 'நாஹ்ஹால்டிக்' என்ற சொல்லின் பின்னே ஒரு காடே இருக்கிறது. சாக்சனி நாட்டு வெள்ளிச் சுரங்கங்களில் முட்டுக் கொடுக்கவும் உலைகளை எரிக்கவும் ஏராளமான மரம் தேவைப்பட்டது, காடுகள் அருகின. அங்கே சுரங்கத் தலைமை அதிகாரியாயிருந்த கார்லோவிட்ஸ், 1713-இல் வெளியிட்ட காடு வளர்ப்பு நூலில், மரம் வெட்டப்படும் அளவும் வளரும் அளவும் சமமாயிருக்க வேண்டும் என்று எழுதினார். அத்தகைய பயன்பாட்டைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லிலிருந்தே இன்றைய கருத்து வளர்ந்தது.

சொல்லில் மட்டுமன்றி இலக்கணத்திலும் இப்பாடம் உண்டு. 1990-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் உரையாற்றிய மொழியியலறிஞர் ஹாலிடே, ஆங்கிலத்தை எடுத்துக்காட்டினார். அம்மொழியில் நீர், காற்று, எண்ணெய் ஆகியவை எண்ண இயலாப் பெயர்கள். எல்லையின்றிக் கிடைப்பவை போன்ற தோற்றத்தை இலக்கணமே தந்துவிடுகிறது என்றார் அவர்.

மொழி வகுப்பிற்கு நேரம் குறைவு என்பது மெய்யே. ஆயினும் முன்னொட்டுப் பயிற்சியும் பெயர்ச்சொற் பயிற்சியும் எப்படியும் நடக்க வேண்டியவை. அவற்றுக்கு உணவு விடுதியை எடுத்துக்காட்டுவதா, காட்டை எடுத்துக்காட்டுவதா என்பதே ஆசிரியர் முன் உள்ள கேள்வி.

ஆறுகளையும் காற்றையும் பற்றிய நாடுகளின் உடன்படிக்கைகள் பல மொழிகளில் எழுதப்படுகின்றன. நாளை அவற்றை மொழிபெயர்க்கப் போகிறவர்கள் இன்று இவ்வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. சொல்லின் பொருளோடு அதன் பின்னேயுள்ள காட்டையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று.