‘டிரைலி’ என்னும் சொல்

ஆங்கிலக் கதைகளில் ‘டிரைலி’ என்றொரு வினையடை வரும். ‘டிரை’ என்றால் உலர்ந்தது. ஆகவே என் மாணாக்கர் பலர், ‘வறட்சியாகக் கூறினார்’ என்று மொழிபெயர்த்துவிடுவர். நகைச்சுவையாளர் அன்பற்றவராகிவிடுவார்!

எங்கள் திருத்தணி மலைக்குப் படிகள் 365. சித்திரை நண்பகலில் வெறுங்காலோடு ஏறிவந்த முதியவர் ஒருவர், முகத்தில் சிறிதும் மாற்றமின்றி, “தம்பி, வெயில் சற்றே உறைக்கிறது போலும்” என்பாராயின், அதுவே டிரைலி. பெரியதைச் சிறிதாக்குவதும் சிரிப்பை மறைப்பதும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார். இங்கோ எள்ளல் இருக்கலாம், இருந்தே தீரவேண்டுவதில்லை. ஆதலின் ‘சிரியாமற் சொன்னார்’, ‘முகம் மாறாமற் சொன்னார்’ என்றெழுதுதல் தகும். உணர்ச்சியற்ற குரலையும் இச்சொல் சிலவிடத்துக் குறிக்கும். முன்பின் வாக்கியங்களை நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.