கான்கிரீட் தொழில் நிர்வாகம்: கல்வியும் வேலைவாய்ப்பும்

அணை, பாலம், பள்ளிக்கூடம், குடியிருப்பு என நாட்டு வளர்ச்சியின் சின்னங்கள் பலவும் கான்கிரீட்டால் ஆனவை. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தை இந்தியா வகிக்கிறது. சிமெண்ட் ஆலையிலேயே சோதிக்கப்பட்டு மூட்டையில் வருகிறது. கான்கிரீட்டோ அன்றன்று கலக்கப்பட்டு அன்றே வார்க்கப்படுகிறது. எனவே அதன் தரம், கலப்பவர்களின் அறிவையும் பொறுப்பையுமே சார்ந்துள்ளது. அப்பொறுப்பை ஏற்கத் தக்கவர்களை உருவாக்குவதே கான்கிரீட் தொழில் நிர்வாகக் கல்வியின் நோக்கமாகும்.

காலங்கடந்து தெரியும் குறை

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க, கலவையிலிருந்து 15 சென்டிமீட்டர் கனச்சதுரக் கட்டிகளை வார்த்து, 28 நாட்கள் நீரில் வைத்து, பின்னர் அழுத்தி உடைத்துப் பார்க்கின்றனர். முடிவு கைக்கு வரும்போது மேல்தளமே எழும்பியிருக்கலாம். அந்நிலையில் குறை தெரிந்தால், இடிப்பதா, வலுப்படுத்துவதா என்ற செலவு மிகுந்த கேள்விதான் எஞ்சும். ஆகவே, கலக்கும் நேரத்திலேயே தரத்தைக் காப்பது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 360 கிலோ சிமெண்டும் 162 லிட்டர் நீரும் திட்டமிடப்பட்டுள்ளன என்று கொள்வோம். நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. மழையில் நனைந்த 700 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால், அதுவே 35 லிட்டர் நீர். இதைக் கழிக்காமல் கலந்தால் விகிதம் ஏறத்தாழ 0.55 ஆகிவிடும். கலவை இளகலாக, வார்ப்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் வலிமை குறையும், உள்ளிருக்கும் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். சிமெண்டைத் திருடாமலே நேரும் இழப்பு இது.

கல்வியின் உள்ளடக்கம்

இத்துறைக்கெனத் தனிப் பட்டப்படிப்பு, அமெரிக்காவின் மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1996இல் தொழில்துறையின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பட்டது. கான்கிரீட்டின் இயல்புகள், சோதனை முறைகள் ஆகியவற்றோடு கணக்கியல், வணிகச் சட்டம், விற்பனை, நிர்வாகம் ஆகியவையும் அங்கு கற்பிக்கப்படுகின்றன. பொருளை அறிந்தவரே கணக்கையும் ஆட்களையும் நிர்வகிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

நம் நாட்டில் இதே பெயரில் பட்டப்படிப்பு பரவலாக இல்லாவிடினும், வழிகள் உள்ளன. கட்டடப் பொறியியலில் டிப்ளமாவோ பட்டமோ பெறுவது முதற்படி. அதன்பின் கட்டுமான நிர்வாகத்தில் மேற்படிப்பு மேற்கொள்ளலாம். 1983இல் தொடங்கப்பட்ட நிக்மார் இத்துறையில் அறியப்பட்ட நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி. கட்டடத் தொழில்நுட்பத்தையும் கட்டுமான நிர்வாகத்தையும் இணைத்து எம்.டெக். படிப்பை நடத்துகிறது. பணியில் இருப்போர்க்கு, 1962இல் நிறுவப்பட்ட தேசிய சிமெண்ட், கட்டடப் பொருள்கள் குழுமம் பயிற்சி அளிக்கிறது.

காத்திருக்கும் பணிகள்

ஆயத்தக் கலவை நிலையங்களில் தரக் கட்டுப்பாட்டு அலுவலர், கலவை இயந்திர இயக்குநர், ஆய்வுக்கூட உதவியாளர், நிலைய மேலாளர் ஆகியோர் தேவை. கலவை இறுகுமுன் லாரிகளை உரிய இடம் சேர்க்கும் அனுப்பீட்டு அலுவலரின் பணி தனித் திறமை வேண்டுவது. முன்வார்ப்பு ஆலைகளிலும், ரசாயனச் சேர்மானப் பொருள் நிறுவனங்களிலும், அரசுத் துறைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் வாய்ப்புகள் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பலையும், ஆற்று மணலுக்கு மாற்றாகக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலையும் முறையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களின் தேவை வளர்ந்துவருகிறது.

இந்தியத் தர நிர்ணயம் 2000இல் திருத்தப்பட்டபோது, ஐ.எஸ். 456 எத்தனை கன மீட்டருக்கு எத்தனை மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக வகுத்தது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. கலவை இயந்திரத்தின் அருகில் அதை அறிந்த ஒருவர் நிற்க வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளில் பயிற்சி பெற்றவர்களின் நியமனத்தை வலியுறுத்துவது அதிகாரிகளின் கையில் உள்ளது. அந்த இடத்துக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்வது மாணவர்களின் கையில் உள்ளது.