முடிச்சில் எஞ்சிய மாத்திரை

செங்கத்தை அடுத்த சவ்வாது மலையினின்று வெளியூர்த் தோட்டவேலைக்குச் சென்று மீளும் ஏழை ஒருவரை நினைப்போம். முறைக்காய்ச்சலுக்கு மூன்று நாள் மருந்து பெற்ற அவர், முதல் நாளே காய்ச்சல் தணிந்ததென்று, எஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென முந்தியில் முடிந்துகொள்கிறார். வறுமை கற்பித்த அச்சிக்கனத்தை நாம் பழித்தல் தகாது. ஆயினும் அதன் விளைவை அறிதல் வேண்டும்.

மலேரியாக் கிருமிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பெருந்திரளினுள் சில, இயற்கை மாறுதலால் மருந்தைத் தாங்கும் வன்மை பெறுகின்றன. அரைகுறை மருந்து மெலியவற்றைக் கொன்று வலியவற்றை எஞ்சவிடுகிறது. அனோபிலிஸ் கொசு அவற்றை அயலாரிடம் சேர்க்கிறது.

கொயினாவிற்குப் பின் வந்த குளோரோகுவின் மலிவானது. நெடுங்காலம் நன்கு பயன்பட்டது. ஆனால் 1973இல் அஸ்ஸாமிலுள்ள கார்பி ஆங்லாங் மலைநாட்டில், உயிர்கொல்லும் பால்சிபாரம் கிருமி அதற்கு அடங்காமை கண்டறியப்பட்டது. அக்கேடு பிற மாநிலங்களிலும் பரவியது. ஆதலின் 2010 முதல் நாடெங்கும் அக்கிருமிக்கு ஆர்ட்டிமிசினின் வகை சேர்ந்த கூட்டு மருந்தே விதிக்கப்பட்டுள்ளது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றால் மாளும் என்பதே அதன் கருத்து. அம்மருந்தையும் தாங்கும் கிருமிகள் கம்போடியா முதலிய நாடுகளில் தோன்றிவிட்டன.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! காய்ச்சலுற்றோரை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்தை முற்ற உண்ணுமாறு அன்போடு உணர்த்துங்கள். கடைசி மாத்திரை உண்பவரை மட்டுமன்றி, அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கும்.